ஆற்றல் அழியாது என்றால் ஃபேனை ஏன் அணைக்க வேண்டும்? மின்சிக்கனம் கற்பிக்கும் திறமூலக் கருவிகள்: ஓர் ஒப்பீடு

சனிக்கிழமை காலைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து அறிவியல் சொல்லித் தருகிறேன். மின்சிக்கனம் பற்றிப் பேசிய அன்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாதுன்னு புக்ல போட்டிருக்கு. அழியவே அழியாதுன்னா எதுக்கு ஃபேனை ஆஃப் பண்ணச் சொல்றீங்க?"

அருமையான கேள்வி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'கான்சர்வேஷன்' என்ற ஒரே சொல்தான். தமிழில் ஆற்றல் அழிவின்மை என்பது இயற்பியல் விதி, ஆற்றல் சிக்கனம் என்பது வீட்டுப் பழக்கம். தனித்தனிச் சொல் இருப்பது நமக்கு வசதிதான். ஆனால் அந்த விதியிலிருந்து இந்தப் பழக்கத்துக்கு எப்படி வந்து சேர்வது என்று என் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை. வாயால் சொன்னால் தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான். கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்கு உதவும் என்று தோன்றிய மென்பொருள்களையும் விளையாட்டுகளையும் ஒவ்வொன்றாக நிறுவி, பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்தேன். என் அளவுகோல் ஒன்றுதான்: அந்தப் பெண்ணின் கேள்விக்கு இது பதில் சொல்கிறதா?

திறமூலத்தை, அதாவது மூல நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2000-களில் ஆற்றல் பற்றிய கல்வி விளையாட்டுகள் பல, உலாவியில் ஓடும் ஃப்ளாஷ் என்ற தொழில்நுட்பத்தில் வந்தன. 2020 முடிவில் அடோபி நிறுவனம் ஃப்ளாஷை நிறுத்தியது, உலாவிகளும் கைவிட்டன. மூல நிரல் யார் கையிலும் இல்லாதவை பெரும்பாலும் அதோடு போயின. நிரலைக் கையில் வைத்திருந்தவர்கள் வேறு மொழியில் திருப்பி எழுதிப் பிழைக்க வைத்தார்கள். அடுத்து வரும் ஃபெட் அப்படித் தப்பித்த ஒன்று.

ஃபெட்: வெப்பம் கிளம்பிப் போவதைப் பார்க்கலாம்

ஃபெட், அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய திட்டம்; திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகளை, அதாவது சிமுலேஷன்களைத் தயாரிக்கிறது. 2001-இல் இயற்பியல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன் ஆரம்பித்தது. முதலில் ஜாவாவிலும் ஃப்ளாஷிலும் இருந்த சிமுலேஷன்களைப் படிப்படியாக எச்.டி.எம்.எல்.5-க்கு மாற்றினார்கள். நிரல் ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சிமுலேஷனையும் ஒரே கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் எடுத்துப் போகலாம், அப்புறம் இணையமே வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்று வரும் பெட்டிகளில் ஃபெட்டின் சுட்டிகளைப் பார்த்திருப்பீர்கள்.

நமக்கு வேண்டியது ஆற்றலின் வடிவங்களையும் மாற்றங்களையும் காட்டும் சிமுலேஷன். திரையின் ஒரு பக்கம் ஆற்றல் வரும் இடம்: குழாய்த் தண்ணீர், சூரியன், கெட்டில், சைக்கிள் மிதிப்பவர். நடுவில் ஜெனரேட்டர் அல்லது சூரியத் தகடு. கடைசியில் குண்டு பல்பு, சி.எஃப்.எல்., மின்விசிறி அல்லது தண்ணீர்ப் பாத்திரம். ஆற்றல் குறிகள் என்ற பெட்டியை டிக் செய்தால் ஆற்றல் சின்னச் சின்ன 'ஈ' எழுத்துச் சதுரங்களாக ஓடத் தொடங்கும்.

சைக்கிள்காரரை வைத்துத் தொடங்குங்கள். அவர் வயிற்றில் இருப்பது வேதி ஆற்றல். மிதிக்க மிதிக்க அது இயந்திர ஆற்றலாகிச் சக்கரத்துக்குப் போகும், அங்கங்கே ஒரு சதுரம் வெப்பமாக அவர் உடம்பிலிருந்தே கிளம்பும். ஜெனரேட்டரில் மின்னாற்றலாகிக் கம்பி வழியாகப் பல்புக்கு வரும். குண்டு பல்பில் பெரும்பாலான சதுரங்கள் வெப்பமாக மேலே மிதந்து திரையை விட்டுப் போகும், சில மட்டும் ஒளியாகும். சி.எஃப்.எல். மாட்டினால் ஒளிச் சதுரங்கள் கூடும். கொஞ்ச நேரத்தில் சைக்கிள்காரருக்குச் சக்தி தீர்ந்துவிடும். சாப்பாடு கொடுக்கும் பொத்தான் வரும்.

அதைப் பார்த்ததும் கேள்வி கேட்ட பெண்ணே சொன்னாள்: "அழியலைக்கா. ஆனா போன வெப்பத்தைத் திரும்பப் புடிச்சு சைக்கிள்காரருக்குக் குடுக்க முடியாது." இதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை. ஒரு சதுரம்கூட மறையவில்லை, எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கும். எல்லாம் இருந்தும் பயன்படாமல் சிதறிவிட்டது. விதியும் சிக்கனமும் ஒரே திரையில் சந்திப்பதை வேறு எந்தக் கருவியிலும் நான் பார்க்கவில்லை.

குறைகளும் உண்டு. எல்.இ.டி. இல்லை. இன்றைய பிள்ளைகளில் பாதிப் பேர் குண்டு பல்பு எரிந்து பார்த்ததே இல்லை. அப்புறம், சதுரங்களின் விகிதம் உண்மை அளவு ஆகாது. நிஜக் குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் தருகிறது. இதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். மற்றபடி ஃபெட்டில் வீடு இல்லை, மின்கட்டணம் இல்லை. காரணம் புரியும், பழக்கம் தானாக வராது.

எனர்ஜி2டி: மொட்டை மாடிச் சூடு

மாசசூசெட்ஸில் உள்ள கான்கார்ட் கன்சார்ட்டியத்தில் சார்ல்ஸ் ஷீ உருவாக்கியது எனர்ஜி2டி. வெப்பக் கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றையும் கணக்கிட்டு வண்ணப் படமாகக் காட்டும் ஜாவா மென்பொருள். செவ்வகங்களை வரைந்து ஒவ்வொன்றுக்கும் வெப்பக் கடத்துத்திறன், ஒளியை உறிஞ்சும் அளவு, திருப்பி அனுப்பும் அளவு என்று கொடுத்து, சூரியனை ஏற்றிவிட்டால் போதும். கதிர்கள் சாய்வாக வந்து விழும். நீலமாக இருந்த சுவர் மெல்லச் சிவக்கும்.

இதில் நான் வரைந்தது நம் ஊர் வீடு: தட்டையான கான்கிரீட் கூரை, மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல். கூரையின் மேல்பக்கம் சிவந்து, அந்தச் சிவப்பு அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கி, உள்பக்கம் வந்து சேர நேரமாகிறது. சூரியனை அணைத்த பிறகும் கூரை அறைக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கிறது. ஏப்ரல் மாதம் ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் அனல் காற்றையே தள்ளுவதன் காரணம் அந்தப் படத்தில் அப்படியே இருக்கிறது. அடுத்து, கூரை திருப்பி அனுப்பும் ஒளியின் அளவை ஏற்றினோம், அதாவது மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். அதே சூரியன், அதே நேரம், கூரையின் அடிப்பக்கம் சிவக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிக்கனம் என்றாலே சுவிட்சை அணைப்பதுதான் என்ற எண்ணத்தை எனர்ஜி2டி மாற்றுகிறது. வெப்பம் உள்ளே வராமல் தடுத்தால் அணைக்க வேண்டிய சுவிட்சே குறையும். ஏ.சி. பற்றிய பேச்சையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று இந்தியாவில் 2020 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. வெளிச்சூட்டுக்கும் உள்சூட்டுக்கும் வித்தியாசம் கூடினால் சுவர் வழியாக வெப்பம் வேகமாக உள்ளே வரும் என்பதைச் சிமுலேஷனில் பார்த்தவர்களுக்கு அந்த விதி கெடுபிடியாகத் தெரியாது.

ஆனால் பிள்ளைகளைத் தனியாக விட்டால் திணறுகிறார்கள். தமிழ் இடைமுகம் இல்லை, பண்புகளின் பெயர்கள் பொறியியல் மாணவருக்கானவை. நீங்களே முன்கூட்டி இரண்டு மூன்று மாதிரிகள் தயாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கணினியில் ஜாவா இருக்க வேண்டும், பள்ளிக் கணினிகளில் நிறுவ அனுமதி கேட்கவேண்டி வரலாம். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம் என்பது என் கருத்து. இதே குழுவின் எனர்ஜி3டி-இல் முப்பரிமாண வீடு கட்டி, ஊரைத் தேர்ந்து, ஆண்டு முழுவதற்குமான ஆற்றல் கணக்கு போடலாம். அழகான கருவிதான், கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரி.

விளையாட்டுகள்: ஜிகாம்ப்ரியும் லுவான்டியும்

சின்னப் பிள்ளைகளுக்கு, கே.டி.ஈ. என்ற திறமூலக் குழுவின் ஜிகாம்ப்ரி என்ற விளையாட்டுத் தொகுப்பு. கேரள அரசுப் பள்ளிக் கணினிகளின் லினக்ஸ் இயங்குதளத்தில் பல வருடமாக இருப்பது. இதில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றி ஒரு விளையாட்டு உண்டு. டக்ஸ் என்ற பென்குயின் மீன்பிடித்துப் படகில் வீடு திரும்பும், வீட்டில் மின்சாரம் இருக்காது. சூரியன், மேகம், அணை, காற்றாலை, டிரான்ஸ்ஃபார்மர் என ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பி விளக்கை ஏற்ற வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கு மின்சாரம் எங்கிருந்தோ வருகிறது என்று புரிந்துவிடும். ஆனால் எல்லா விளக்கையும் ஏற்றினால்தான் வெற்றி. சிக்கனத்துக்கு இது நேர் எதிர்த்திசை. அறிமுகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

லுவான்டி பெரிய பிள்ளைகளுக்குப் பிடித்தது. 2010-இல் மைன்டெஸ்ட் என்று தொடங்கி 2024-இல் பெயர் மாறிய, கட்டை அடுக்கி உலகம் கட்டும் திறமூலத் தளம். அதில் டெக்னிக் என்ற துணைநிரலைச் சேர்த்தால் நிலக்கரி ஜெனரேட்டர், சூரியத் தகடு, காற்றாலை, பேட்டரிப் பெட்டி, மூன்று மின்னழுத்தங்களில் கேபிள் என ஒரு மின்கட்டமைப்பே கிடைக்கும். இதில் எனக்குப் பிடித்தது அதன் கறாரான கணக்கு. தேவை உற்பத்தியைத் தாண்டி பேட்டரியும் காலியானால், இணைந்திருக்கும் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும். 2012-இன் மின்வெட்டை நினைவு வைத்திருக்கும் பெற்றோர்களுக்கு இது புதிதல்ல, பிள்ளைகளுக்குப் புதிது.

அப்படி நின்றதும் அவர்கள் என்ன செய்தார்கள்? இன்னும் இரண்டு ஜெனரேட்டர் கட்டினார்கள். அடுத்த வாரமும் அதேதான். விளையாட்டில் நிலக்கரி தோண்டத் தோண்டக் கிடைக்கிறது, புகைக்கு விலை இல்லை. நான் ஒரு விதி போட்டேன்: ஐந்து சூரியத் தகடு, ஒரு பேட்டரிப் பெட்டி, அதற்கு மேல் கிடையாது. அதன் பிறகுதான் எந்த இயந்திரத்தை எப்போது ஓட்டுவது என்று சண்டை வந்தது. நடுத்தர மின்னழுத்த இயந்திரங்களில் பேட்டரியைச் செருகினால் அது இழுக்கும் மின்சாரம் குறையும் என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தார்கள். ஆக, சிக்கனம் லுவான்டியில் இருக்கிறது. ஆனால் விதி போட ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் வெளியே வரும். விளையாட்டும் ஃபெட்டும் என்று வந்தால், ஒரு மணிநேர வகுப்புக்கு ஃபெட்தான் என் தேர்வு. லுவான்டிக்கு ஒரு மாதமாவது வேண்டும்.

பதினொன்று, பன்னிரண்டு படிப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. பிரிட்டன் அரசு 2010-இல் வெளியிட்ட, நாட்டின் எரிசக்திப் போக்கை 2050 வரை கணித்துக் காட்டும் 2050 கணக்கியை அடியொற்றி, இந்தியாவின் திட்டக்குழு 2014-இல் கொண்டுவந்த இந்திய எரிசக்திப் பாதுகாப்புக் கணக்கி, 2047 வரைக்கும். இப்போது திட்டக்குழுவின் இடத்துக்கு வந்த நிதி ஆயோக்கிடம் இருக்கிறது. கட்டடம், சமையல், போக்குவரத்து ஒவ்வொன்றுக்கும் குறைந்த முயற்சியிலிருந்து உச்ச முயற்சி வரை நான்கு படிகள். நாடு எவ்வளவு இறக்குமதி செய்ய வேண்டிவரும் என்று பார்க்கலாம். விவாதப் போட்டிக்கு நல்ல தீனி. வீட்டுப் பழக்கத்துக்கும் அதற்கும் தூரம் அதிகம்.

மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கு

மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒன்று குறைகிறது: பிள்ளையின் சொந்த வீடு. அதைக் கொண்டுவருவது ஓப்பன் எனர்ஜி மானிட்டர். வேல்ஸ் நாட்டில் உருவான திறமூலத் திட்டம். மென்பொருளும் திறமூலம், வன்பொருளும் திறமூலம். மீட்டரில் சிமிட்டும் சின்ன விளக்கின் மேல் ஓர் ஒளி உணரியை ஒட்டினால், ஒவ்வொரு சிமிட்டலையும் எண்ணி ஈமான்சிஎம்எஸ் என்ற மென்பொருளில் வரைபடமாகக் காட்டும். வயரைத் தொட வேண்டாம், சீலைத் தொட வேண்டாம். கம்பியைச் சுற்றிக் கவ்வும் உணரியும் உண்டு, அதை எலக்ட்ரீஷியன் இல்லாமல் செய்யக் கூடாது.

கருவியை வரவழைக்கக் காசு ஆகும். அதுவரைக்கும் கண்ணும் கைபேசியின் ஸ்டாப்வாட்சும் போதும். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்; 3200 என்று இருந்தால் ஒரு சிமிட்டல் 1125 ஜூல். அதை இரண்டு சிமிட்டலுக்கு இடையிலான விநாடிகளால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைத்துவிடும். 75 வாட் பழைய ஃபேன் மட்டும் ஓடினால் 15 விநாடிக்கு ஒரு சிமிட்டல். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 40 விநாடி. அளவுகளை லிப்ரெஆபிஸ் கால்க் என்ற திறமூல விரிதாளில் பதிந்தால் வகுப்பு முழுவதன் வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு வகுப்பு, ஒரு கணினி என்றால் ஃபெட்டில் தொடங்கி அன்றைய வீட்டுப்பாடமாக மீட்டரைக் கொடுங்கள். கோடையில் எனர்ஜி2டியைச் சேருங்கள். லுவான்டி விடுமுறைக்கு.

கேள்வி கேட்ட பெண் போன வாரம் நோட்டோடு வந்தாள். வீட்டில் ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் 45 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டியிருக்கிறது, அதாவது 25 வாட். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள். செட்டாப் பாக்ஸைப் பிடுங்கியதும் இடைவெளி 90 விநாடி ஆனது. அது மட்டும் இரவும் பகலும் இப்படியே இழுத்தால் இரண்டு மாதக் கணக்கில் 18 யூனிட் என்று ஓரத்தில் பெருக்கி எழுதியிருந்தாள். மீதி 12.5 வாட் எங்கே போகிறது என்பதை இந்தச் சனிக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.