அல்சூர் கல் கடை: கல்லைவிடப் பீடத்துக்கே அதிக மதிப்பெண்

பாலைவனக் காற்றும் மணலும் தேய்த்து வடித்த கற்களை வீட்டில் வைத்து ரசிக்க விரும்பும் பெங்களூருவாசிகளுக்கு, அல்சூரில் மாடிப்படிக்குக் கீழே பெயர்ப்பலகைகூட இல்லாமல் இயங்கும் ஒரு சிறு கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அங்கிருக்கும் எல்லாக் கற்களையும் அல்ல.

நான் வாங்கியது உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கல். மேற்புறம் பளபளப்பான கருமை. புரட்டினால் செங்கல் நிறம். மண்ணில் பதிந்திருந்த மட்டத்தில் இரண்டு நிறங்களும் ஒரு கோடு போலப் பிரிகின்றன. களிமண்ணோடு மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்து உண்டான அந்தப் பூச்சு, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. மேலே மாங்கனீசு மிகுந்தும் அடியில் இரும்பு மிகுந்தும் இருப்பதே இந்த நிற வேறுபாட்டுக்குக் காரணம். உருளையிலிட்டு மெருகேற்றிய கல்லில் இவ்வேறுபாடு எஞ்சுவதில்லை. எல்லாப் பக்கமும் ஒரே வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கடைக்காரரின் பழக்கங்களுள் எனக்குப் பிடிக்காதது, சில கற்களுக்கு எண்ணெய் தடவி வைப்பது. விளக்கொளியில் அவை எடுப்பாகத் தெரிந்தாலும், நுண்குழிகள் அடைபட்டுத் தூசி ஒட்டிக்கொள்கிறது, இயல்பான நிறமும் மங்கிவிடுகிறது. பூசாதது வேண்டும் என்று கேட்டால், உள்ளேயிருந்து முகம் சுளிக்காமல் எடுத்துத் தருகிறார்.

கடையின் உண்மையான பலம் அங்குள்ள தச்சர். ஜப்பானிய முறைப்படி, கல்லின் அடிப்பாகத்தைச் சிறிதும் வெட்டாமல், அதன் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப மரத்தைக் குடைந்து பீடம் செய்கிறார். "கல்லுக்காக மரம்தான் சார் இறங்கி வரணும்" என்றபடி கரித்தூள் தடவிய கல்லை மரத்தில் அழுத்தி, கறை பட்ட இடங்களை மட்டும் உளியால் சுரண்டி, மறுபடி அழுத்திப் பார்க்கிறார். இவ்வளவு பொறுமை இன்று அபூர்வம். கல் ஆடாமல் அமர்ந்திருக்கிறது. தேக்குப் பீடத்துக்கு 1,800 ரூபாய் அதிகமில்லை. கூலியைப் பேசிக் குறைக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

கல்மரத் துண்டுகளும் (மண்ணில் புதைந்து கல்லாகவே மாறிவிட்ட பழங்கால மரங்கள்) விற்கிறார்கள். அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. ஜெய்சல்மேருக்கு அருகில் ஜுராசிக் காலக் கல்மரங்கள் கிடக்கும் ஆகல் பூங்கா தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அங்கிருந்து எதையும் எடுத்துவர அனுமதியில்லை. ஆகவே, ரசீதில் இடத்தின் பெயரை எழுதித் தரும்வரை அந்தத் தட்டின் பக்கம் போகாதீர்கள்.