ஆறு சீசன் ஓட்டின காத்தாடி கண்ட்ரோல் பேனல்: 24 வோல்ட் படுத்தின பாடு

பல்லடத்துலேர்ந்து ஒரு தம்பி போன வாரம் போன் பண்ணாரு. அண்ணே, பழைய 250 கிலோவாட் காத்தாடிக்கு, அதான் கரண்ட் எடுக்குற காத்தாலை மெஷினுக்கு, நீங்க மாத்தின கண்ட்ரோல் பேனல் எப்படி இருக்கு, எங்க முதலாளியும் அதையே போடலாம்ங்கறாரு, இப்ப விலை வேற குறைச்சிருக்காங்கன்னாரு. போன்ல சொல்லி முடியல, அதான் உக்காந்து எழுதுறேன்.

எங்க மில்லுக்கு கன்னியாகுமரி பக்கம் முப்பந்தல்ல காத்தாடி இருக்கு, 90கள்ல நட்ட மெஷின், இண்டக்‌ஷன் ஜெனரேட்டர், ஸ்டால் டைப், அதாவது இறக்கை கோணம் மாறாது. பழைய கண்ட்ரோலருக்கு கார்டு கிடைக்காம போனதால 2019ல பிஎல்சி, அதான் மெஷின ஓட்டுற சின்ன கம்ப்யூட்டர், வச்ச புது பேனல் போட்டோம். ஸ்பெக் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். ஒயரிங் அவ்வளவு சுத்தம், ஒவ்வொரு ஒயருக்கும் ரெண்டு முனையிலயும் ஃபெரூல் நம்பர் (ஒயர்ல மாட்டுற நம்பர் வளையம்), டிராயிங்ல என்ன இருக்கோ அதுதான் பேனல்ல இருக்கும். கெப்பாசிட்டருக்குன்னே வர்ற காண்டாக்டர் (கரண்ட்ல இழுத்துச் சேர்ற சுவிட்ச்) போட்டிருக்காங்க, அதுல மொதல்ல ரெசிஸ்டன்ஸ் வழியா சார்ஜ் ஆகி அப்புறம்தான் மெயின் காண்டாக்ட் சேரும், அதனால பழைய பேனல் மாதிரி காண்டாக்ட் ஒட்டிக்கிறது, கெப்பாசிட்டர் வீங்குறது எதுவும் இல்ல, ஈபி பில்லுல ரியாக்டிவ் சார்ஜும், அதான் மெஷின் லைன்லேர்ந்து இழுக்குற வேலைக்காகாத கரண்டுக்குப் போடுற காசும், நல்லாவே குறைஞ்சுது.

ஆனா 2021 ஆடி மாசம் இந்த பேனல் என்னை அழ வச்சிருச்சு. நல்ல காத்து, மெஷின் ஃபுல் லோடுல ஓடுது, மத்தியானம் திடீர்னு டமார்னு பிரேக் விழுந்து நின்னுடும். ஓடிப் போய் லாக் பாத்தா ‘பவர் ஆன்’னு ஒரு வரி, வேற ஒண்ணுமே இருக்காது. ஈபி லைன் போயிருக்கும்னு ஆபரேட்டர் சொல்றாரு, பக்கத்து மெஷின் பாட்டுக்கு சுத்திட்டிருக்கு, அப்ப எப்படி லைன் போயிருக்கும்? மெக்கர் (ஒயர் இன்சுலேஷன் பாக்குற மீட்டர்) வச்சுப் பாத்தா எல்லாம் சரியா காட்டும், ரீசெட் பண்ணா ஓடும், ரெண்டு நாள் கழிச்சு மறுபடி அதே கதை. ஒவ்வொரு தடவையும் தேடித் தேடி மூணு மணி நேரம் போச்சுன்னா 750 யூனிட் போச்சு. அதை விட பெரிய வயித்தெரிச்சல், ஃபுல் ஸ்பீடுல பிரேக் விழுந்தா அந்த அடி எல்லாம் கியர்பாக்ஸ் பல்லுலதான் விழும், கியர்பாக்ஸ் போச்சுன்னா கிரேன் வரணும், சீசனே போயிடும்.

அஞ்சாவது தடவை நின்னப்ப நானே மேல ஏறினேன். நசெல்லுலேர்ந்து, அதான் டவர் உச்சியில ஜெனரேட்டர் இருக்குற கூட்டுலேர்ந்து, டவருக்குள்ள தொங்குற கேபிள் இருக்குல்ல, மெஷின் காத்துக்கு திரும்பத் திரும்ப அதுவும் முறுக்கிக்கும். அதுல பிரேக்குக்கான ஹைட்ராலிக் வால்வ இழுக்குற சோலனாய்டுக்குப் போற ஒயர் கிளாம்ப் ஓரத்துல உரசி தோல் உரிஞ்சு, ஒரு அரை விரல் நீளத்துக்கு செம்பு மினுமினுன்னு தெரியுது. ரெண்டு சுத்து ஒரே பக்கம் முறுக்கினாதான் அது டவர் பாடியில தொடும், கண்ட்ரோலுக்கான 24 வோல்ட் சப்ளையோட மைனஸ் எர்த்ல கட்டியிருக்கறதால தொட்ட உடனே முழு ஷார்ட். மெஷின் நின்னதும் ஆட்டம் நின்னு ஒயர் விலகிடும், நாம போறப்ப எல்லாம் சரியா இருக்கும்.

ஒயர் உரசறது எந்த மெஷின்லயும் நடக்கும், அதுக்கு பேனல் செஞ்சவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். என் கோவம் வேற. மொத்த பேனலுக்கும் ஒரே ஒரு 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (24 வோல்ட் டிசி தர்ற பவர் சப்ளை), அதுலேர்ந்தே பிஎல்சி, அதுலேர்ந்தே சோலனாய்டு, சென்சார், ரிலே எல்லாம். ஒவ்வொண்ணுக்கும் 6 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி (கரண்ட் ஏறினா தானா விழற சுவிட்ச்) போட்டு பிரிச்ச மாதிரி காட்டியிருக்காங்க. அந்த எம்சிபி உடனே விழணும்னா அதோட ரேட்டிங்குக்கு 5லேர்ந்து 10 மடங்கு, அதாவது 30லேர்ந்து 60 ஆம்பியர் வேணும், டிசியில அதுக்கும் மேல. 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் அதுக்கு எங்க போகும்? ஷார்ட் ஆனா அது கரண்ட கட்டுப்படுத்திட்டு வோல்டேஜ கீழ விட்டுடும், எம்சிபி அசையவே அசையாது, பிஎல்சிதான் மொதல்ல சாகும். மெஷின் ஏன் நின்னுச்சுன்னு சொல்ல வேண்டியவனே மயங்கி விழுந்துட்டா லாக்ல என்ன இருக்கும்?

ஒண்ணு மட்டும் நியாயமா சொல்லணும். 24 வோல்ட் போன அத்தனை தடவையும் இறக்கை நுனி திரும்பிப் பிடிக்கிற டிப் பிரேக்கும் டிஸ்க் பிரேக்கும் சரியா வேலை செஞ்சுது, ஒரு தடவை கூட ஓவர்ஸ்பீட் போகல. சப்ளை இருந்தாதான் பிரேக் விடும், சப்ளை போனா பிரேக் பிடிக்கும், எமர்ஜென்சி சுவிட்ச், வைப்ரேஷன் சுவிட்ச் எல்லாம் பிஎல்சிய நம்பாம நேரா ஒயர்லயே சீரிஸா வருது. அதைச் செஞ்சவரு கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆளு. அதே ஆளு 24 வோல்ட்ட இப்படி விட்டாருங்கறதுதான் எனக்குத் தாங்கல.

கம்பெனிக்காரங்க வந்து எஸ்எம்பிஎஸ்ஸ மாத்திட்டுப் போனாங்க, அவ்வளவுதான். கடைசியில நாங்களே பிஎல்சிக்குத் தனியா ஒரு சின்ன எஸ்எம்பிஎஸ் போட்டு, மத்ததுக்கு நாலு சேனல் எலக்ட்ரானிக் ஃபியூஸ் வச்சோம், அது எஸ்எம்பிஎஸ் படுக்கறதுக்கு முன்னாடியே அந்த சேனல மட்டும் வெட்டிடும். எந்த சேனல் விழுந்துச்சுன்னு பிஎல்சி இன்புட்டுக்கும் கொடுத்தோம். போன வருஷம் டிரான்ஸ்ஃபார்மர் டெம்பரேச்சர் ஒயர டக்ட்டுக்குள்ள எலி கடிச்சப்ப மூணாவது சேனல்ல செவப்பு லைட்டு, லாக்ல தேதி நேரத்தோட காரணம், மெஷினும் மெதுவா முறைப்படி நின்னிருந்துச்சு. இருபது நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. அன்னிக்கு சாப்பாடு ருசியா இறங்குச்சு.

இப்ப பேனல் அருமையா ஓடுது. இருந்தும் தம்பி, வாங்குங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அந்த ஆடி மாசத்து கியர்பாக்ஸ் சத்தம் இன்னும் காதுல இருக்கு. உங்க முதலாளி அதையேதான் வேணும்னா, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி டிராயிங்ல 24 வோல்ட் பக்கத்த மட்டும் வாங்கி எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. பிஎல்சிக்குத் தனி சப்ளை இருக்கான்னு பாத்துட்டு ராத்திரிக்குள்ள கூப்பிடுறேன்.