கம்பெனி சர்வீஸா, தெருமுனை ஷெட்டா? தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கணக்கு

என் வண்டி 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. முதல் ஐந்து வருஷம் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு யாரையும் பானட்டைத் தொடவிட்டதில்லை. அதற்கப்புறம் முழுக்க எங்கள் தெருவிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு ஷெட்தான். தகரக் கூரை, தரையில் ஒரு பள்ளம், இரண்டு ஜாக்கி, கூடமாட ஒரு பையன். நடத்துபவர் அந்த ஏரியாவில் எல்லோருக்கும் பாய்.

வாரண்டி இருக்கும் வரை யோசிக்கவே வேண்டாம், கம்பெனிதான். இலவச சர்வீஸைக்கூட விட்டுவிட்டு வெளியே கொண்டுபோய்க் கொடுத்தால், நாளைக்கு ஒரு பெரிய பார்ட் போகும்போது ரெக்கார்டு எங்கே என்று கேட்பார்கள். ஷெட்டில் கூலி குறைவு, சென்டரில் ஏசி ரூமும் காபியும் உண்டு என்பதெல்லாம் தெரிந்த கதை.

ஆயில் மாற்றுவதில் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் மேனுவலில் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று போட்டிருக்கிறது. நான் ஏழாயிரத்து ஐந்நூறிலேயே மாற்றிவிடுகிறேன். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் வரிசைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றால் மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலை நானே கேனாக வாங்கிக்கொண்டு போகிறேன். சீலை என் முன்னாலேயே உடைக்கிறார்கள்.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் எனக்கும் பாய்க்கும் ஒத்துப்போகாது. காற்றடித்துத் திரும்பப் போட்டுவிடலாம் என்பார் அவர். மணலி ரோட்டுத் தூசி காகிதத்துக்குள் இறங்கிவிட்டால் காற்றுக்கு வெளியே வராது. சில நூறு ரூபாய் சாமான், புதிதாகவே போட்டுவிடுகிறேன்.

நான் கட்சி மாறியதற்குக் காரணம் சஸ்பென்ஷன், அதாவது ரோட்டுக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அடிப்பக்க அமைப்பு. வட சென்னையில் கார் வைத்திருப்பவருக்கு இன்ஜினைவிட இதுதான் செலவு. கண்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட ரோட்டில் தினமும் மணலி போய் வருகிறேன். 2021 கடைசியில் இடதுபக்க முன்சக்கரத்தில் டொக் டொக் என்று ஒரு சத்தம் வந்தது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது வராது, இறங்கும்போது மட்டும் வரும்.

சர்வீஸ் சென்டருக்குத்தான் முதலில் போனேன். வாசலில் இருந்த அட்வைசர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஜாப் கார்டில் 'சஸ்பென்ஷன் சத்தம், செக்' என்று ஒரே வரி எழுதினார். ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான் என்று நான் சொன்ன முக்கியமான விஷயம் அதில் இல்லை. வண்டியைக் கழற்றப் போகிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார், அவரோடு பேச வழி இல்லை. சாயங்காலம் போன் வந்தது: இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட் என்று சஸ்பென்ஷன் பாகங்கள், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட், கூலி எல்லாம் சேர்த்து 14,600 ரூபாய். எதுதான் சத்தம் போடுகிறது என்று கேட்டேன். "செட்டா மாத்திட்டா சத்தம் போயிடும் சார்" என்றார். போய்விடும்தான், அதில் சந்தேகமில்லை.

வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை பாயிடம் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எறங்கும்போதா, ஏறும்போதா?" அப்புறம், "ஏறு தம்பி, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கத்திவாக்கம் ஹை ரோட்டில் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, "பிரேக் புடி... வுடு... இன்னொரு தபா" என்று நாலைந்து முறை செய்யச் சொன்னார். திரும்பி வந்து வண்டியைப் பள்ளத்தின்மேல் நிறுத்தி, என்னையும் கீழே இறங்கச் சொன்னார். ஆர்முக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஒரு நீளக் கம்பியைச் சொருகி நெம்பியபோது ரப்பர் வாயைப் பிளந்தது. "இதான் தம்பி சத்தம். கிழிஞ்சுகினு கீது பார்." லிங்க் ராடு ஒன்றையும் கையாலேயே ஆட்டிக் காட்டினார். ஸ்ட்ரட் மவுண்ட் நன்றாகவே இருந்தது.

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கை. அது வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர்தான் புஷ். பெரும்பாலும் ரப்பர்தான் போகும், இரும்பு அப்படியே இருக்கும். ஆனால் பல மாடல்களுக்கு கம்பெனியில் புஷ் தனியாக வராது, ஆர்மோடு சேர்த்துத்தான் வரும். அதனால் சென்டர்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு வருவதே அப்படித்தான், போட்ட வேலைக்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். பாய் இரண்டு ஆர்மையும் கழற்றி பிரஸ் வைத்திருக்கும் பட்டறைக்கு அனுப்பி, வெளிச்சந்தை புஷ் ஏற்றி வாங்கினார். லிங்க் ராடு உட்பட மொத்தம் 3,200 ரூபாய். கழற்றிய புஷ்ஷை ஒரு பழைய பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

அன்று நான் கவனித்த ஒரு விஷயம் உண்டு. ஆர்ம் போல்ட்டை ஜாக்கியில் இருக்கும்போதே அவர் முழுதாக முறுக்கவில்லை. லேசாக மாட்டிவிட்டு, வண்டியை இறக்கி, எடை சக்கரத்தில் நின்றபிறகுதான் இறுக்கினார். தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். உங்கள் மெக்கானிக் எப்படி என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே போதும்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். அந்த வெளிச்சந்தை புஷ் 14 மாதம்தான் தாங்கியது. மறுபடி அதே டொக் டொக். இந்த முறை பாயே, "ஒரிஜினல் ஆர்ம் வாங்கினு வந்துடு, நான் மாட்றேன்" என்றார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஹாலோகிராம் ஒட்டிய கம்பெனி பாக்கெட்டாகவே கிடைத்தது. சென்டரில் போடும் அதே பார்ட், பாக்கெட்டில் அதே எம்ஆர்பி. கூலி மட்டும் 800. ஆக, சாமான் கம்பெனியுடையது, கை பாயுடையது என்பதுதான் இப்போது என் ஏற்பாடு. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால் ஒரிஜினல் வாங்குவது இன்னும் கொஞ்சம் சுலபம். பழைய ஸ்டாக்கைப் பழைய விலைக்குத் தள்ளுகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

ஷெட்டில் அலைன்மெண்ட் மெஷின் கிடையாது. ஆர்ம் கழற்றினால் அன்றைக்கே டயர் கடைக்குப் போய் அலைன்மெண்ட் பார்த்துவிட வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஒரு மாதம் தள்ளினேன். இடது முன் டயரின் உள்விளிம்பு மழமழவென்று தேய்ந்துவிட்டது.

சென்டர் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. முதலாவது அட்டவணை. பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சும் சமாச்சாரம். டாட் 4 என்ற வகை ஃப்ளூயிட் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்பது அதன் தர அளவு. கொதித்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. கடற்காற்று அடிக்கும் நம் பக்கம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. சென்டரில் கிலோமீட்டரைப் பார்த்து அவர்களே சொல்வார்கள். பாய் நான் கேட்டால்தான் செய்வார், பிரேக் பிடிக்கிற வரைக்கும் அவருக்கு அதில் வேலை இல்லை. கூலண்டும் அப்படியே. மேனுவலில் இருக்கும் அட்டவணையைப் பேப்பரில் எழுதி பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். இதைச் செய்ய சோம்பேறித்தனம் உள்ளவர்கள் சென்டரிலேயே இருப்பது உத்தமம்.

இரண்டாவது, டேஷ்போர்டில் எரியும் விளக்குகள். பாயிடம் சின்ன ஸ்கேனர் இருக்கிறது, செக் இன்ஜின் கோடு படிப்பார். ஏர்பேக், ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் நான் சென்டருக்குத்தான் போவேன். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை நான் வைத்திருந்ததில்லை, அதனால் அதைப் பற்றி என் பேச்சை நம்ப வேண்டாம்.

மூன்றாவது வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என் வண்டி தப்பியது, எதிர்வீட்டு அண்ணன் வண்டி முழங்கால் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் அவர் சாவியைத் திருகிவிட்டார். சிலிண்டருக்குள் போன தண்ணீரை நசுக்க முடியாதில்லையா, கனெக்டிங் ராடு வளைந்தது. அந்த மாதிரி சமயத்தில் ஸ்டார்ட் செய்யாமல் இன்சூரன்சுக்குச் சொல்லி, டோ செய்து, கேஷ்லெஸ் உள்ள ஒர்க் ஷாப்புக்கு அனுப்புவதுதான் வழி. பாயே அவரிடம் அதைத்தான் சொன்னார்.

சென்டரில் தலையாட்டக் கூடாத ஒன்று, அண்டர்பாடி கோட்டிங். புது வண்டிக்குச் சரி. காசிமேட்டுக் காற்றில் ஏழெட்டு வருஷம் நின்ற வண்டிக்கு, துருவைச் சுரண்டாமல் மேலே கறுப்பு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். மழைக்காலம் முடிந்ததும் அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, துரு தெரியும் இடத்தை மட்டும் டிங்கரிடம் தேய்த்து பிரைமர் அடித்து வாங்குகிறேன்.

விற்கும்போது சர்வீஸ் ரெக்கார்டு இல்லையென்றால் விலை குறையும் என்கிறார்கள். நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் வண்டி மாற்றுகிறவர் என்றால் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும். எனக்கு இது ஓடுகிற வரை ஓட்டப்போகிற வண்டி. இருந்தாலும் பார்ட்ஸ் பில், டயர் கடை பிரிண்ட்அவுட், பாய் சிகரெட் அட்டையில் கிலோமீட்டரோடு எழுதித் தரும் கூலிக் கணக்கு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் கிளவ் பாக்சில் இருக்கிறது. அந்தக் கிழிந்த புஷ்ஷும் அங்கேதான் இருக்கிறது.