ஐ.நா. தன்னார்வலர் திட்டம்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சரிப்படுமா?

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதன்முதலாகத் தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது இதற்குள் இருந்தது. 2004-ல்தான் தனி மாவட்டமானது. இங்கே நாலைந்து வருஷம் குழு வேலை பார்த்தவருக்கு வெளிநாட்டுச் சமூக வளர்ச்சிப் பணியில் நிஜமான மதிப்பு உண்டு. அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களில் நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்பது, 1970-ல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தைத்தான்.

முதல் காரணம், எந்தக் கட்டத்திலும் கட்டணம் கிடையாது. ஐ.நா. பெயரில் பணி ஆணை அனுப்பி ‘விசா செலவு’ கேட்டால் அது மோசடி. அதோடு பேச்சை முடித்துவிடுங்கள். தேர்வானால் பயணச் செலவு, போய்க் குடியேற ஒரு தொகை, மாதாந்திர வாழ்க்கைப்படி, மருத்துவக் காப்பீடு, மாதத்துக்கு இரண்டரை நாள் விடுப்பு, முடிவில் பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்ப ஒரு தொகை எல்லாம் உண்டு. ஆனால் படி என்பது சம்பளம் அல்ல. வாடகை, சாப்பாடு, போக்குவரத்துக்குச் சரியாக இருக்கும். வீட்டுக்கடன் தவணையை அதிலிருந்து கட்டலாம் என்று யாரும் கிளம்பக் கூடாது.

வெளிநாட்டுப் பணியில் 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு. 27 வயதிலிருந்து நிபுணர் பிரிவு. அதற்குக் குறைந்தது 3 வருஷ அனுபவம் வேண்டும். நம்மவர்கள் தோற்பது தகுதியில் அல்ல, படிவத்தில். ‘மகளிர் குழுக்களில் பணி’ என்று ஒரு வரி எழுதிவிட்டு விடுகிறார்கள். அதைப் படிக்கிறவருக்கு எதுவும் புரியாது. எத்தனை குழு, குழுவுக்கு எத்தனை பேர், மாதச் சந்தா எவ்வளவு, வங்கி இணைப்பில் எவ்வளவு கடன் வாங்கிக் கொடுத்தீர்கள், எத்தனை பேர் தவணை தவறினார்கள், தவறியபோது என்ன செய்தீர்கள் என்று எண்ணோடு எழுத வேண்டும். தீர்மானப் புத்தகம் எழுதப் பழக்கியது, குழுவை நடத்தும் ஊக்குநர் மாறும்போது கணக்கை ஒப்படைக்க வைத்தது, ஊராட்சி அளவில் கூட்டமைப்பு கட்டியது எல்லாமே அங்கே கேட்கிற திறன்கள்தாம். ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறினால் முதலில் தமிழில் முழுசாக எழுதிக்கொண்டு பிறகு மாற்றுங்கள்; ஆங்கிலத்தில் யோசிக்க ஆரம்பித்தால் பாதி வேலை விட்டுப்போகும்.

அடுத்த சிக்கல் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் வேறு மாதிரி. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவை. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், எனவே கிளம்பும் வாரத்தில் ஓடிப் பயனில்லை. பிறகு ஆயுளுக்கும் போதும்.

போனால் கிடைப்பது என்ன? சான்றிதழைவிடப் பெரிது ஒன்று உண்டு. நம் ராகிக்குத் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. உகாண்டாவில் அதை விதைத்து, இடித்து, கூழாக்குகிறார்கள். எத்தியோப்பியாவின் பிளவுப் பள்ளத்தாக்கிலோ கிணற்றுத் தண்ணீரில் பென்னாகரம் பக்கம் பார்க்கிற அதே ஃபுளோரைடு, அதே கறை படிந்த பற்கள். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறையை அங்கும் முயன்றிருக்கிறார்கள். கிணற்றுக்குக் கிணறு ஃபுளோரைடு மாறுவதால் படிகார அளவும் மாறும். தினமும் அளந்து போட ஆள் வேண்டும். வண்டலைக் கொட்ட இடம் வேண்டும். அந்த ஆள் நின்றுபோனால் தொட்டியும் நின்றுபோகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வரும்வரை இதே தவிப்பில் இருந்த மாவட்டத்துக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த அறிவு இன்னொரு நாட்டில் உதவுவதைக் கண்ணால் பார்ப்பதும், அங்கே கற்றதைப் பாலக்கோட்டுக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ கொண்டுவருவதும்தான் இதன் நிஜமான பலன்.

குறைகளும் உண்டு. தேர்வாகாதவருக்குப் பெரும்பாலும் காரணம் சொல்வதில்லை. சில இடங்களுக்குக் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. முடித்து வந்தால் ஐ.நா.வில் நிரந்தர வேலை என்ற உறுதியும் இல்லை. களத்தில் இறங்காத புதுப் பட்டதாரி அவசரப்பட வேண்டாம். முதலில் சித்தேரியிலோ அஞ்செட்டியிலோ இரண்டு வருஷம் வேலை பார்க்கட்டும்.

ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்கு இணையவழித் தன்னார்வப் பணி இருக்கிறது: வாரம் அதிகபட்சம் 20 மணி நேரம், 12 வாரம் வரை. பணம் கிடையாது, சான்றிதழ் உண்டு. மொழிபெயர்ப்பு, பயிற்சிக் கையேடு தயாரிப்பு மாதிரியான வேலைகள் வரும். விண்ணப்பம் எழுதிப் பழகவும் இது நல்ல இடம்.