பம்ப் கன்ட்ரோல் வால்வின் மின்கோளாறு: ஓம் மீட்டரா, லோடு சோதனையா, ஸ்கேனரா, ஸ்கோப்பா?

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து (ரெயில்) டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் பம்ப் கன்ட்ரோல் வால்வின் சர்க்யூட்டைக் குறை சொல்லும் கோளாறுக் குறியீடு (கோடு) வந்ததும், பெரும்பாலான கைகள் மல்டிமீட்டரின் ஓம் பக்கம்தான் போகின்றன. மீட்டர் 2.1 ஓம் காட்டும். சர்வீஸ் மேனுவலிலும் 1.9 முதல் 2.3 வரை என்று போட்டிருக்கும். வால்வு நல்லது, அப்படியானால் எஞ்சினின் கணினியான இசிஎம்தான் போயிருக்கிறது என்று முடிவாகிவிடும். நல்ல இசிஎம்கள் தேவையில்லாமல் மாற்றப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். ஓம் அளவு பொய் சொல்வதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

டென்சோ பம்பில் எஸ்சிவி, டெல்ஃபியில் ஐஎம்வி, போஷ் சிபி3-இல் மீட்டரிங் யூனிட் என்று பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்: உயர் அழுத்தப் பகுதிக்குள் போகும் டீசலை நுழைவாயிலிலேயே அளந்து விடுவது. வழக்கமான அமைப்பில் ஒரு பின்னில் பேட்டரி வோல்டேஜ் நிற்கும். மற்றதை இசிஎம் எர்த் பக்கமாக விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை இணைத்துத் துண்டிக்கும். போஷ் சிபி3-இல் இந்த அதிர்வெண் ஏறத்தாழ 165 முதல் 195 ஹெர்ட்ஸ். வால்வை நகர்த்துவது வோல்டேஜ் அல்ல, காயிலில் ஓடும் சராசரி கரண்ட். எந்தச் சோதனை முறையையும் இதை வைத்தே எடை போட வேண்டும்: அந்தக் கரண்ட் சரியாக ஓடுகிறதா என்று அது சொல்கிறதா, இல்லையா?

மீட்டரை எடுக்கும் முன் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கரண்ட் இல்லாதபோது வால்வு திறந்திருக்கும் வகையா, மூடியிருக்கும் வகையா? சிபி3-இன் மீட்டரிங் யூனிட் திறந்திருக்கும் வகை. அதில் வயர் அறுந்தால் பம்ப் முழு அளவு தள்ளும். ரெயில் பிரஷர் எகிறி பி0088 வரும். ரெயிலின் ரிலீஃப் வால்வு திறந்து எஞ்சின் சக்தியைக் குறைத்து ஓடும் லிம்ப் மோடுக்குப் போகும். மூடியிருக்கும் வகையில் அதே வயர் அறுந்தால் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. டென்சோ எஸ்சிவியில் இரண்டு வகையும் உண்டு என்பதால், பக்கத்து வண்டியில் பார்த்த அறிகுறியை இந்த வண்டிக்குப் பொருத்தக் கூடாது.

ஓம் சோதனை

இரண்டு நிமிட வேலை. காயில் முழுதாக அறுந்திருந்தாலும் முழுதாக ஷார்ட் ஆகியிருந்தாலும் உடனே சொல்லிவிடும். அந்த அளவில் இதற்கு இணை இல்லை. அதைத் தாண்டினால் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் மீட்டர் லீடுகளின் ரெசிஸ்டன்ஸ். இரண்டு முனைகளையும் ஒட்டிப் பிடித்தால் 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். 2 ஓம் காயிலில் இது கால் பங்கு வரை பிழை, கழித்தே எழுத வேண்டும். அடுத்தது வெப்பம். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 3.0 ஓம் உள்ள காயில் 80 டிகிரியில் 3.7 காட்டும். மேனுவலில் உள்ள அளவு 20 டிகிரிக்கானது. சூடான எஞ்சினில் அளந்துவிட்டு வால்வைக் குறை சொல்லக் கூடாது.

இவை திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகள். திருத்த முடியாதது ஒன்று உண்டு. ஓம் ரேஞ்சில் மீட்டர் அனுப்பும் கரண்ட் ஒரு மில்லிஆம்பியர் அளவு. வால்வில் ஓடுவது ஒன்றிரண்டு ஆம்பியர். களிம்பு பிடித்த பின்னும், விரிந்துபோன டெர்மினலும் இந்தச் சிறு கரண்ட்டை மறுக்காமல் விட்டுவிடும், நிஜ லோடில்தான் காலை வாரும். காயிலின் சில சுற்றுகள் மட்டும் தமக்குள் ஷார்ட் ஆன கதையும் இதுவே. பத்தில் ஒரு பங்கு சுற்று போனாலும் 2.1 ஓம் 1.9 ஆகத்தான் குறையும், மேனுவல் அளவுக்குள்ளேயே நிற்கும்.

ஓம் மீட்டருக்கு இன்னொரு நல்ல பயன் உண்டு, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: காயிலின் ஒவ்வொரு பின்னுக்கும் வால்வின் உலோக உடலுக்கும் இடையே அளப்பது. கனெக்டர் கழற்றிய நிலையில் அங்கே தொடர்பே இருக்கக் கூடாது. வால்வு சூடாக இருக்கும்போது இதைச் செய்வது நல்லது. இன்சுலேஷன் விரிசல் சூட்டில்தான் வெளியே வரும்.

ஸ்கேனர்

கோடு என்ன சொல்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பி0001 ஓப்பன் சர்க்யூட், பி0003 லோ, பி0004 ஹை. இவை மின்கோளாறுகள். பி0002 ரேஞ்ச் அல்லது பெர்ஃபார்மன்ஸ் கோடு. வயரைத் தொடும் முன் ஃபில்டரையும் டீசல் வரத்தையும் பார்க்கச் சொல்கிறது. கனரக வண்டிகளில் கோளாறு எந்தப் பாகத்தில் என்று சொல்லும் எஸ்பிஎன் 1347 வந்தால், கோளாறு எந்த வகை என்று சொல்லும் அதன் எஃப்எம்ஐ எண்ணைப் படியுங்கள்: 3 என்றால் வோல்டேஜ் அதிகம், 4 என்றால் குறைவு, 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது ஓப்பன், 6 என்றால் கரண்ட் அதிகம் அல்லது எர்த் ஷார்ட், 7 என்றால் மெக்கானிக்கல்.

கனெக்டரைக் கழற்றிப் பார்க்கும் சோதனையில் ஸ்கேனர் ஓம் மீட்டரை எளிதில் வெல்கிறது. இக்னிஷனை ஆஃப் செய்து வால்வு கனெக்டரைக் கழற்றி, கோடை அழித்து, மறுபடி ஆன் செய்து அரை நிமிடம் பொறுக்க வேண்டும். முன்பு ஷார்ட் கோடு காட்டிய இசிஎம் இப்போது ஓப்பன் கோடு காட்டினால், இசிஎம்மும் வயரிங்கும் நிலைமையைச் சரியாக உணர்கின்றன, ஷார்ட் வால்வுக்குள் இருக்கிறது என்று பொருள். அதே ஷார்ட் கோடே திரும்பினால் வால்வை விட்டுவிட்டு வயர் கட்டான ஹார்னஸைப் பிடிக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் இந்தக் கனெக்டரைக் கழற்றவே கூடாது.

லைவ் டேட்டாவில் இசிஎம் கேட்ட கரண்ட், கிடைத்த கரண்ட் என்று இரண்டும் காட்டும் எஞ்சின்களில் வேலை இன்னும் சுலபம். இரண்டும் ஒத்துப்போய், ரெயில் பிரஷர் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அது மின்கோளாறு அல்ல. ஆனால் ஸ்கேனர் காட்டாத ஒரு நிலை உண்டு. சூடான 3.7 ஓம் காயிலுக்கு 1.5 ஆம்பியர் வேண்டும் என்றால் 14 வோல்ட் சப்ளையில் சுமார் 40 சதவீத டியூட்டி (ஒவ்வொரு சுழற்சியிலும் இசிஎம் வால்வை ஆன் செய்து வைத்திருக்கும் நேரப் பங்கு) போதும். கனெக்டரில் ஒரு ஓம் கூடுதலாகச் சேர்ந்தால் இசிஎம் சத்தமில்லாமல் 50 சதவீதத்துக்கு ஏற்றிக்கொள்ளும். கரண்ட் சரி, கோடு இல்லை, கோளாறு மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும். எனவே கரண்ட்டோடு டியூட்டியையும் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கூடுதல் ஓம் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஸ்கேனரால் சொல்ல முடியாது.

லோடு கொடுத்து வோல்டேஜ் டிராப் பார்ப்பது

ஒரே ஒரு முறையைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளலாம். கருவியாக ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பும் சாதாரண மல்டிமீட்டரும் போதும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இசிஎம் கனெக்டரையும் வால்வு கனெக்டரையும் பிரித்த பின், வண்டியின் பேட்டரியைத் தொடாமல் தனி 12 வோல்ட் பேட்டரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பாசிட்டிவிலிருந்து பல்ப் வழியாக வால்வு பக்கப் பின்னுக்கும், இசிஎம் பக்கம் அதே வயரின் பின்னிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கும் இணைக்க வேண்டும். பின்னுக்குப் பொருத்தமான டெர்மினலைப் பயன்படுத்துங்கள். தடித்த புரோபைக் குத்தினால் நல்ல பின்னும் விரிந்து, இல்லாத கோளாறை நாமே உண்டாக்கிவிடுவோம். இப்போது வயரில் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் ஓடும். வால்வு நிஜத்தில் இழுக்கும் கரண்ட்டுக்கு நெருக்கமான அளவு இது.

பல்ப் எரிகிறது, வயர் நல்லது என்று இங்கே நிறுத்திவிடக் கூடாது. எரியும் பல்பின் ரெசிஸ்டன்ஸே 7 ஓம் அளவு. அதோடு அரை ஓம் சேர்ந்தால் வெளிச்சத்தில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மீட்டரை டிசி வோல்டில் வைத்து வயரின் இரு முனைகளுக்கும் இடையே அளக்க வேண்டும். 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் 2 மீட்டர் நீளத்துக்கு 0.08 வோல்ட் இழப்பது இயல்பு. 0.2 தாண்டினால் சந்தேகம். 0.9 காட்டினால் வழியில் அரை ஓம் ஒளிந்திருக்கிறது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஹார்னஸை அங்கங்கே அசைத்தால் அது எங்கே என்பதும் தெரிந்துவிடும். எஞ்சினோடு ஆடும் வளைவு, கிளிப் அழுத்தும் இடம், கனெக்டரின் பின்புறம் ஆகிய மூன்றிலும் முதலில் பாருங்கள்.

இந்த 21 வாட் பல்பை வால்வுக்குப் பதிலாக இசிஎம் இணைந்த நிலையில் போடக் கூடாது. குளிர்ந்த இழையின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமுக்கும் கீழே. முதல் கணத்தில் இழுக்கும் கரண்ட், இசிஎம்முக்குள் வால்வை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டைப் பதம் பார்த்துவிடும். இசிஎம் சிக்னல் தருகிறதா என்று மட்டும் பார்க்க 5 வாட் பல்ப் போதும். வால்வு டிக் என்று அடிக்கிறதா என்று பார்க்க 12 வோல்ட்டை நேராகக் கொடுப்பதும் தவறு, 2.1 ஓம் காயிலில் 5.7 ஆம்பியர் ஓடும், சீக்கிரமே வெந்துவிடும். 21 வாட் பல்பை வரிசையில் சேர்த்துக் கொடுத்தால் காயிலும் தப்பும், சத்தமும் கேட்கும்.

ஸ்கோப்பும் கரண்ட் கிளாம்பும்

மல்டிமீட்டரின் டிசி வோல்ட் இந்த சிக்னலின் சராசரியை மட்டுமே காட்டும். 14 வோல்ட் சப்ளை, 40 சதவீத டியூட்டி என்றால் சிக்னல் வயருக்கும் எர்த்துக்கும் இடையே 8.4 அளவு வரும். டியூட்டி ரேஞ்சில் வைத்தால் ட்ரிகரின் திசையைப் பொறுத்து 40 என்றும் வரலாம், 60 என்றும் வரலாம். இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால், வோல்டேஜ் மாறுவதை அலையாக வரைந்து காட்டும் ஸ்கோப்.

கட்டத்துக்கு 2 மில்லிவிநாடி வைத்தால் மூன்று நான்கு சுழற்சிகள் திரையில் நிற்கும். சிக்னல் வயரில் கீழ் மட்டம் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். அது ஒரு வோல்டில் தொங்கினால், நீங்கள் தொட்ட இடத்துக்கும் இசிஎம் எர்த்துக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. சப்ளை பின்னைத் தொட்டு, வால்வு ஆன் ஆகும் கணங்களில் மட்டும் வோல்டேஜ் குழி விழுந்தால் கோளாறு சப்ளை பக்கம். வயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட் தரும் சிறிய ரகமாக இருக்க வேண்டும். ஸ்டார்ட்டருக்கான பெரிய கிளாம்ப் இங்கே உதவாது. நல்ல காயிலில் கரண்ட் சாய்வாக ஏறிச் சாய்வாக இறங்கும். சுற்றுகள் ஷார்ட் ஆன காயிலில் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) சரிந்து, ஏற்றம் செங்குத்தாகி, அலைவு அகலமாகும். ஓம் மீட்டர் 1.9 காட்டி நல்லது என்று விட்ட அதே காயில் இங்கே பிடிபடும். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு நேர அளவை விநாடிகளுக்கு மாற்றி, கரண்ட்டைப் பதிவில் ஓடவிட்டு ஹார்னஸை அசைக்கலாம். திறந்திருக்கும் வகை வால்வு ஐடிலில்தான் அதிகக் கரண்ட் இழுக்கும். தொடர்பு விட்டால் அங்கேதான் ரெயில் பிரஷர் துள்ளும். சோதனையை ஐடிலிலேயே செய்வது அதனால்தான்.

முழுதாக அறுந்த வயருக்கு ஸ்கோப்பை விரிப்பது நேர விரயம். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஓம் மீட்டரை நீட்டுவதும் அப்படித்தான். வரிசை சொல்ல வேண்டுமானால்: கோடு, கனெக்டர் கழற்றும் சோதனை, லோடு சோதனை, அதிலும் விடை வராவிட்டால் ஸ்கோப்.

வால்வை மாற்றிப் பார்ப்பது

பலர் முதலில் எடுக்கும் இந்த வழி கடைசியில் வர வேண்டியது. கனெக்டரைக் கழற்றி மாட்டும்போதே பின்களின் களிம்பு உரசி விலகி, கோளாறு சில நாள் ஒளிந்துகொள்ளும். பாராட்டு புது வால்வுக்குப் போய்விடும். இதற்கு ஒரு எளிய தடுப்பு உண்டு. பழைய வால்விலேயே கனெக்டரை இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டி வண்டியை ஓட்டிப் பாருங்கள். கோடு திரும்பவில்லை என்றால் வால்வு குற்றவாளி அல்ல, டெர்மினல்தான்.

மாற்றியே தீர வேண்டும் என்றால் எஞ்சினை நிறுத்தி பிரஷர் இறங்க விட்டு, சுற்றிலும் கழுவித் துடைத்த பிறகே கழற்ற வேண்டும். ஓ-ரிங்கை டீசலில் நனைத்து நேராக உள்ளே தள்ளுங்கள். பல டென்சோ அமைப்புகளில் பழைய வால்வுக்குக் கற்ற திருத்தம் இசிஎம்மில் அப்படியே இருக்கும். ஸ்கேனரில் அதை அழித்து, எஞ்சின் சூடான பின் ஐடிலில் புதிதாகக் கற்க விட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் நல்ல வால்விலும் ஐடில் ஏறி இறங்கும்.