தேய்ப்பதா, விடுவதா: மண்ணில் கிடைத்த பழைய காசை என்ன செய்யலாம்?

மண்ணிலிருந்து ஒரு காசு வெளிப்பட்டதும் கை தானாகவே ஒரு வேலையைச் செய்யும்: கட்டைவிரலை வைத்து ஒரு தேய். யாருடைய தலை, எந்த வருஷம் என்று பார்க்கிற அவசரம். ஈர மண்ணில் இருக்கும் மணல் துகள்கள் உப்புத்தாள் மாதிரி. நூற்றாண்டுகளாக மண்ணுக்குள் பத்திரமாக இருந்த முகத்தில் முதல் கீறலைப் போடுவது பெரும்பாலும் கண்டெடுத்தவரின் கட்டைவிரல்தான்.

நான் இருப்பது இங்கிலாந்தில், கென்ட் பகுதியில். அறுவடை முடிந்த வயல்களில் விவசாயியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மெட்டல் டிடெக்டரோடு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிப்பவன். சிக்னல் கேட்டுத் தோண்டினால் பத்துக்கு ஒன்பது தடவை பொத்தான், ஈயத்துண்டு, டின் மூடி. பத்தாவது தடவை ஒரு ரோமானியச் செப்புக் காசோ, ஜார்ஜ் மன்னர் காலத்துப் பென்னியோ கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் அதே கேள்வி. சுத்தம் செய்யலாமா, அப்படியே விடலாமா?

நம் ஊர்க் கை இதில் கொஞ்சம் ஆபத்தானது. வெள்ளிக்கிழமை வந்தால் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய வீட்டுக் கை. பச்சை தெரிந்தால் அழுக்கு, பளபளத்தால் சுத்தம். சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் ஆணவத்துக்கே செம்பில் படியும் பச்சைக் களிம்பைத்தானே உவமை சொல்கிறார்கள்! அந்தக் கணக்கில்தான் என் முதல் ரோமானியக் காசை எலுமிச்சைச் சாற்றில் போட்டுவிட்டுத் தூங்கினேன். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. போடும்போது பச்சைத் தோலுக்கு அடியில் இரண்டு சிப்பாய்கள் ஈட்டியோடு நிற்பது மங்கலாகத் தெரிந்தது. கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்தில், 330களில், லட்சக்கணக்கில் அடித்த வகை. காலையில் எடுத்துப் பார்த்தால் சிப்பாய்களைக் காணோம். சுட்ட அப்பளம் மாதிரிக் குழி குழியாக, ரோஸ் நிறத்தில் ஒரு தகடு.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. செம்பும் வெண்கலமும் மண்ணுக்குள் கிடக்கும்போது, உலோகத்தின் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தாதுவாக மாறுகிறது. உள்ளே சிவப்பான செம்பு ஆக்சைடு, அதன்மேல் பச்சையான கார்பனேட். காசு அடித்த அன்றிருந்த மேற்பரப்பு, அதாவது முகம், எழுத்து, சிப்பாயின் ஈட்டி எல்லாம், இப்போது இருப்பது அந்தக் களிம்பின் அடுக்குகளுக்குள்தான். களிம்பைக் கரைத்தால் படமும் சேர்ந்தே கரையும். விளக்கில் களிம்பு உலோகத்தின் மேல் படிந்த அழுக்கு. வயலில் கிடைத்த காசில் அதுவேதான் காசு.

ஆகவே எலுமிச்சை, வினிகர், புளி, பித்தளைப் பாலிஷ் எல்லாவற்றையும் ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறேன். மின்பகுப்பும் அப்படியே. உப்புத் தண்ணீரில் காசைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் குமிழி கிளம்பி எல்லாம் உரிந்து வரும். பார்க்க வேடிக்கைதான். ஆனால் எதை உரிப்பது, எதை விடுவது என்று குமிழிக்குத் தெரியாது. எதிர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியை மாட்டுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் சேர்மங்கள் தண்ணீரில் இறங்கக்கூடும்.

உண்மையான போட்டி தண்ணீருக்கும் எண்ணெய்க்கும்தான்.

ஆலிவ் எண்ணெய்க்குப் பழைய ஆட்களிடம் பெரிய மரியாதை. சின்ன டப்பாவில் ஊற்றிக் காசைப் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுவார்கள். கெட்டி மண் இளகும், பச்சை ஆழ்ந்த நிறத்துக்கு வரும், முகம் எடுப்பாகத் தெரியும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்ணெயிலும் அமிலம் இருக்கிறது. மெதுவாக என்றாலும் அதுவும் செம்பைத் தின்கிறது. எண்ணெய் பச்சையாக மாறுகிறதே, அந்தப் பச்சை வேறெங்கிருந்து வந்தது? அதோடு, நுண்துளைகளுக்குள் ஊறிய எண்ணெயை வெளியே எடுப்பது பெரும்பாடு. நாளைக்குக் காசுக்கு வேறு சிகிச்சை தேவைப்பட்டால் எண்ணெய் குறுக்கே நிற்கும்.

காய்ச்சி வடித்த நீர், பேட்டரிக்கு ஊற்றுவார்களே அது, இதைவிட மந்தமானது, பொறுமையைச் சோதிப்பது. என் ஓட்டு அதற்குத்தான். குழாய்த் தண்ணீரில் குளோரினும் சுண்ணாம்பும் இருப்பதால் அது வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றினால் மண் இளகும், கூடவே காசுக்குள் ஊறிய உப்பும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அப்புறம் மூங்கில் பல்குச்சி, ஒரு பூதக்கண்ணாடி. குச்சியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து மண்ணை மட்டும் நெம்ப வேண்டும். மண் பழுப்பாகப் பொடிந்து வரும். பச்சை வழவழப்பாகத் தட்டுப்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். இப்படி மூன்று வாரம் செலவழித்த இரண்டாவது காசில் அதே சிப்பாய்கள் கால் விரல் வரை தெரிகிறார்கள். அவர்கள் காலடியில் ட்ரியர் நகர நாணயச்சாலையின் எழுத்துகள்கூடப் படிக்க வருகின்றன. முதல் காசில் நான் கரைத்தது இதைத்தான்.

சரி, செப்புக் காசைச் சீண்டவே கூடாதா? ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சும்மா விட்டால் கெட்டுப்போகிற காசு. சேகரிப்பாளர்கள் இதை வெண்கல நோய் என்பார்கள். காசுக்குள் தங்கிய குளோரைடு, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். அமிலம் புதிதாகச் செம்பைத் தின்னும், அதிலிருந்து மறுபடியும் குளோரைடு. சுழற்சி நிற்காது. நல்ல களிம்பு கெட்டியாக இருக்கும், பல்குச்சிக்கு மசியாது. நோய்க் களிம்பு வெளிர் பச்சையில் மாவு மாதிரி இருக்கும். துலக்கிவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் திரும்பப் பூத்திருக்கும். வயலில் போடும் பொட்டாஷ் உரமே பொட்டாசியம் குளோரைடு என்பதால், கடலே பார்க்காத காசுக்கும் இது வரும்.

கடல் பார்த்த காசுக்குக் கேட்கவே வேண்டாம். இங்கே கென்ட் கடற்கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் 1809 ஜனவரியில் ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் மூழ்கியது. அது சுமந்துகொண்டிருந்தது சென்னை மாகாணத்துக்கான செப்புக் காசுகளை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பர்மிங்காமில் அடித்த 10 காசு, 20 காசு நாணயங்கள், 1808 என்ற ஆண்டோடு. சென்னைக் கடைத்தெருவில் புழங்கியிருக்க வேண்டியவை. 1980களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள், இன்றும் விலைக்கு வருகின்றன. அப்படி ஒன்றை வாங்கினால், தேய்த்திருக்கிறார்களா என்பதைவிட உப்பை இறக்கியிருக்கிறார்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

நோய் வந்த காசுக்கும் வழிகள் இரண்டு. சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் கலந்த கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைப்பது ஒன்று. குளோரைடு இறங்கும். ஆனால் சில காசுகளில் களிம்பின் நிறமே மாறிவிடும். இரண்டாவது, எதுவும் போடாமல் நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் வைத்து ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்வது. நோய் குணமாகாது, தூங்கிவிடும். நான் இரண்டாவதைத்தான் முதலில் செய்வேன். அது தவறென்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். நிறம் போனால் போனதுதான்.

வெள்ளியின் கதை வேறு. முதலாம் எட்வர்ட் காலத்து 1279 வாக்கிலான பென்னி ஒன்று ஒன்றரை கிராம்கூட இருக்காது. சுத்தியலால் அடித்த மெல்லிய தகடு. செம்பைப் போல மண் இதை அவ்வளவாகத் தின்பதில்லை, அதனால் பல நேரம் நீரில் அலசினாலே போதும். கறுத்திருந்தால் அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் சேர்த்துக் கறுப்பை எடுக்கலாம். செய்தால் பளிச்சென்று வரும். அந்தப் பளிச்சைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. எழுத்துகளின் ஓரத்தில் கறுப்பு நின்றால்தான் படிக்கவே முடிகிறது. வளைந்திருந்தால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், பழைய வெள்ளி பிஸ்கட் மாதிரி முறியும். தங்கம் கிடைத்தால் நீரில் அலசித் துடைக்காமல் உலர விடுங்கள். எனக்கு இதுவரை அந்தப் பிரச்சினை வரவில்லை.

பணக் கணக்கில் பார்த்தாலும் விடுவதுதான் ஜெயிக்கிறது. சாதாரண கான்ஸ்டன்டைன் காசு சில பவுண்டுக்குப் போகும். சுத்தம் செய்தால் அது கோடீஸ்வரனாகிவிடாது. அரிய காசு என்றால் தரம் பார்க்கும் நிறுவனங்கள் தேய்த்த தடத்தைக் கண்டுபிடித்து, வழக்கமான எண் தரம் கொடுக்காமல் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதிவிடும்.

ஒன்றுக்கு மேல் கிடைத்தால் சுத்தம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. 2010இல் சோமர்செட்டின் ஃப்ரோம் அருகே ஒருவர் டிடெக்டரோடு போய் ஒரு பானையின் வாயைக் கண்டார். மேற்கொண்டு தோண்டாமல் தொல்லியலாளர்களைக் கூப்பிட்டார். உள்ளே 52,503 ரோமானியக் காசுகள். அடுக்கடுக்காக எடுத்ததால்தான் ஒரு விஷயம் தெரிந்தது: பானையிலிருந்த காசுகளின் மன்னர்களில் காலத்தால் கடைசியான கரௌசியஸின் காசுகளில் பெரும்பகுதி மேலே இல்லை, பானையின் பாதிக்கும் கீழே இருந்தது. வருஷா வருஷம் சேர்த்த உண்டியலாக இருந்தால் அவை மேலேயல்லவா இருக்கும்? ஒரே தடவையில் கொட்டிப் புதைத்திருக்கிறார்கள், ஒருவேளை காணிக்கையாக. அந்த ஆள் வாளியில் அள்ளி வீட்டில் கழுவியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது பளபளப்பு மட்டும்.

இங்கே சட்டமும் உண்டு. 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டு சேர்ந்து கிடைத்தாலே 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். தனிக் காசுகளைப் பதிவு செய்யவும் அலுவலர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மண்ணோடு கொண்டுவரச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் வாசிப்பவர்களுக்கு: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். டிடெக்டரோடு ஆற்றங்கரைக்குக் கிளம்புமுன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறை ஜன்னலோரத்தில் இப்போது ஒரு காசு நீரில் கிடக்கிறது, மூன்றாவது மாதம். டப்பாவைத் தூக்கிப் போடலாமா என்று வீட்டில் இரண்டு முறை கேட்டாயிற்று. நேற்று நீர் மாற்றும்போது தாடைப் பக்கம் மண் கொஞ்சம் விலகியது. தாடி தெரிகிறது. கான்ஸ்டன்டைன் மழித்த முகக்காரர், ஆக இது அவரல்ல.