ஈமாக்ஸுக்குள் மெயில்: ஆறு வருடப் பழக்கம்

2019 ஜூனில் தொடங்கினேன். அன்றிலிருந்து என் சொந்த மெயிலும் வேலை சம்பந்தமான மெயிலில் பெரும்பகுதியும் ஈமாக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டருக்குள்ளேதான் வந்து போகின்றன. படிப்பது, பதில் எழுதுவது, தேடுவது, அழிப்பது எல்லாம் அங்கேயே. "டெக்ஸ்ட் எடிட்டரில் மெயிலா, எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுவரை இரண்டு வரியில்தான் பதில் சொல்லியிருக்கிறேன், இந்த முறை விரிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் வேலை மென்பொருள் கையேடுகள் எழுதுவது, மொழிபெயர்ப்பது. நாள் முழுக்க ஈமாக்ஸ்தான் திறந்திருக்கும். வேலை மட்டும் மெயிலில் வரும். "மூன்றாம் அத்தியாயத்தில் இந்தப் பத்தியை மாற்றுங்கள்" என்று ஒரு மெயில் வந்தால், பிரவுசருக்குப் போய்ப் படித்து, நகலெடுத்து, இங்கே வந்து என் குறிப்புக் கோப்பில் ஒட்டி, வேலையை முடித்து, மறுபடி அங்கே போய்ப் பதில் எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து அந்தக் குறிப்பைப் பார்த்தால், யார் கேட்டார்கள், என்ன சூழலில் கேட்டார்கள் என்று தெரியாது. என்னை இந்தப் பக்கம் தள்ளியது அந்த ஒரு விஷயம்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இது. என் அமைப்பில் ஈமாக்ஸ் நேராக மெயில் சர்வருடன் பேசுவதில்லை. எம்பிசிங்க் என்ற சிறு நிரல் ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலை அணுகும் நெறிமுறை) வழியாக மெயிலை எல்லாம் என் கணினிக்கு இறக்கி வைக்கிறது, இங்கே நான் செய்யும் மாற்றங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இறக்கியவற்றை மியூ என்ற நிரல் அட்டவணைப்படுத்துகிறது, தேடலுக்கு அது ஸேபியன் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அந்த மியூவின் முகம்தான் ஈமாக்ஸுக்குள் ஓடும் மியூ4இ. அனுப்புவதற்கு எம்எஸ்எம்டிபி. ஆக நான்கு துண்டுகள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் எளிது, ஆனால் எங்காவது ஒன்று முரண்டு பிடித்தால் எது என்று கண்டுபிடிக்க இந்தப் படம் மனதில் இருக்க வேண்டும்.

இறக்கிய மெயில் மெயில்டிர் என்ற அமைப்பில் இருக்கும். கியூமெயில் சர்வரை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் அதற்காக உருவாக்கியது. ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு, அவ்வளவுதான். படித்தாயிற்றா, பதில் போட்டாயிற்றா என்பதெல்லாம் கோப்புப் பெயரின் கடைசியில் ஓரெழுத்துக் குறிகளாக ஒட்டிக்கொண்டிருக்கும்: படித்ததற்கு எஸ், பதிலிட்டதற்கு ஆர், கொடி போட்டதற்கு எஃப், அழிக்கக் குறித்ததற்கு டி (T). இதை முதலில் பார்த்தபோது எனக்கு உண்டான உணர்வை இன்னும் மறக்கவில்லை. பன்னிரண்டு வருட மெயில், அப்பா கைப்பட எழுதாமல் தட்டச்சு செய்து அனுப்பிய முதல் கடிதம் உட்பட, என் வட்டில் சாதாரணக் கோப்புகளாக இருந்தன. நகலெடுக்கலாம், வெளி ஹார்டு டிஸ்கில் போட்டு வைக்கலாம், நெட் இல்லாமல் படிக்கலாம்.

மியூ4இக்கு வருவதற்கு முன் வேறு இரண்டையும் பார்த்தேன். ஈமாக்ஸுடனேயே வரும் க்னூஸ் மிகத் திறமையானது, ஆனால் அது இணைய விவாதக் குழுக்களைப் படிக்கும் செய்தி வாசிப்பானாகப் பிறந்தது. ஒரு மெயிலைப் படித்தால் அடுத்த முறை பட்டியலில் இருக்காது, கேட்டால்தான் காட்டும். அதன் தர்க்கம் புரிகிறது, எனக்குத்தான் ஒத்துவரவில்லை. இன்னொரு மெயில் நிரலான நாட்மச் வேகமானது, டேக் போட்டு அடுக்கும் முறை அழகானது, ஆனால் அந்த டேக்குகள் அதன் தரவுத்தளத்தில் இருக்குமே தவிர ஐமேப் வழியாகத் தாமாக ஃபோனுக்கு வருவதில்லை. நான் வெளியே போகும்போது ஃபோனில்தான் பார்க்கிறேன். அங்கே படித்தது இங்கேயும் படித்ததாக, இங்கே நகர்த்தியது அங்கேயும் நகர்ந்ததாக இருக்க வேண்டும். மியூ4இ ஃபோல்டர் முறையிலேயே வேலை செய்வதால் அந்தச் சிக்கல் இல்லை. ஃபோன் இல்லாமல் ஒரே கணினியில் வாழ்பவர் என்றால் நாட்மச்தான் எடுக்கச் சொல்வேன்.

தினசரி வேலை எப்படி நடக்கிறது என்றால், பட்டியலில் ஒவ்வொரு மெயிலாகக் குறி வைத்துக்கொண்டே போவேன். அழிக்க டி (d), காப்பகத்துக்கு அனுப்ப ஆர், வேறு ஃபோல்டருக்கு எம். குறி வைப்பதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. எல்லாம் பார்த்து முடித்து எக்ஸ் தட்டினால்தான் ஒரே மூச்சில் நிறைவேறும், அதுவரை யு தட்டி எதையும் திரும்பப் பெறலாம். சின்ன விஷயம்தான், ஆனால் முதலில் யோசி, பிறகு செய் என்ற இந்த இடைவெளி காலை மெயில் வேலையை என்னிடம் பத்து நிமிடத்துக்குள் சுருக்கிவிட்டது. ஓர் உரையாடலின் நடுவே நான் அனுப்பிய பதில்களும் அதே இழையில் சேர்ந்து தெரியும், 'அனுப்பியவை' ஃபோல்டருக்குப் போய்த் தேட வேண்டாம். கால் மணிக்கு ஒருமுறை மெயில் இறங்கும்படி வைத்திருக்கிறேன், அறிவிப்புச் சத்தம் எதுவும் கிடையாது.

தேடல்தான் நான் திரும்பிப் போகாததற்குப் பெரிய காரணங்களில் ஒன்று. போன மாதம் இன்வெர்ட்டர் பேட்டரி மக்கர் பண்ணியது, வாரண்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வாங்கியது 2021 என்பது மட்டும் நினைவிருந்தது. தேதி 2021, கோப்பு வகை பிடிஎஃப், உள்ளே 'பேட்டரி' என்ற சொல் என்று மூன்றையும் ஒரே வரியில் கொடுத்தேன், கண் இமைப்பதற்குள் நான்கு மெயில்கள் வந்து நின்றன, இரண்டாவதே பில். எல்லாம் என் வட்டிலேயே இருப்பதால் சர்வருக்குப் போய் வரும் காத்திருப்பு இல்லை. அடிக்கடி தேடுவதை ஓர் எழுத்தில் புக்மார்க் செய்துகொள்ளலாம். படிக்காதவை, இன்று வந்தவை, கடந்த ஏழு நாட்கள் என்று சில ஏற்கனவே இருக்கும். நான் சேர்த்துக்கொண்டவை இரண்டு: 'கொடி போட்டு ஒரு வாரம் ஆனவை', அப்புறம் '5 எம்பிக்கு மேல் உள்ளவை'. இரண்டாவது, இடம் நிறையும்போது சுத்தம் செய்ய.

சரி, முதலில் சொன்ன குறிப்புக் கோப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஈமாக்ஸில் ஆர்க் மோட் என்று ஒன்று உண்டு, குறிப்புகளுக்கும் வேலைப் பட்டியலுக்கும். மெயிலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு விசைகளைத் தட்டினால் ஒரு வேலைக்குறிப்பு திறக்கும், அதற்குள் அந்த மெயிலின் இணைப்பு ஏற்கனவே ஒட்டியிருக்கும். "வெள்ளிக்குள் மூன்றாம் அத்தியாயம்" என்று எழுதி, தேதி வைத்து மூடிவிடுவேன். வெள்ளிக்கிழமை காலை என் நாள்பட்டியலில் அந்த வரி வரும், அதில் என்டர் தட்டினால் மூல மெயில் அப்படியே திறக்கும், அங்கேயே பதில் எழுதலாம். அந்த இணைப்பு ஃபோல்டரையோ கோப்புப் பெயரையோ நம்பி இருப்பதில்லை, மெயிலுக்குள்ளேயே இருக்கும் அடையாள எண்ணை வைத்துத் தேடுகிறது. அதனால் மெயிலை இன்பாக்ஸில் இருந்து காப்பகத்துக்கு நகர்த்தினாலும் இணைப்பு அறுந்து போகாது. 2020இல் எழுதிய குறிப்புகளில் இருந்து இன்றும் அந்த மெயில்களைத் திறக்க முடிகிறது. இன்பாக்ஸையே வேலைப்பட்டியலாக வைத்துக்கொண்டு, படித்ததை மறுபடி 'படிக்காதது' ஆக்கி வைக்கும் பழக்கம் என்னிடம் இருந்தது. முதல் ஆறு மாதத்திலேயே அது போய்விட்டது.

எழுதும்போது கிடைக்கும் சௌகரியம் எடிட்டரில் வாழ்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். பக்கத்தில் திறந்திருக்கும் கையேட்டில் உள்ள நீண்ட சொல்லைப் பாதி அடித்து நிரப்பிக்கொள்ளலாம். ஒரே மாதிரி முப்பது பதில் போக வேண்டும் என்றால் ஒரு மேக்ரோ (தட்டிய விசைகளைப் பதிவு செய்து திரும்ப ஓட்டுவது) போதும். எனக்கு மிகவும் பிடித்தது ஈமாக்ஸின் நிரல்மொழியான லிஸ்பில் நானே எழுதிய பத்து வரி. 'இணைத்துள்ளேன்' என்று எழுதிவிட்டு அட்டாச்மெண்ட் வைக்காமல் அனுப்புவது எனக்கு வழக்கமாக நடக்கும். ஆங்கிலச் சொற்களைப் பார்த்து எச்சரிக்கும் துணைநிரல்கள் உண்டு, தமிழ்ச் சொற்களுக்கு நான் பார்த்தவரை ஒன்றும் இல்லை. அதனால் மெயிலில் 'இணைத்த', 'இணைப்பில்', 'இத்துடன்' என்று ஏதாவது இருந்து, கோப்பு எதுவும் இல்லையென்றால் அனுப்புவதற்கு முன் நிறுத்திக் கேட்கும்படி எழுதிக்கொண்டேன். எத்தனையோ முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. நம் மொழிக்கு ஏற்றபடி நாமே ஒரு மெயில் நிரலை வளைத்துக்கொள்ள முடிகிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

தமிழில் தொல்லைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். 2020 ஆகஸ்டில் வந்த ஈமாக்ஸ் 27 எழுத்துகளை வரைய ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்துக்கு மாறியது. அதற்குப் பிறகு என் கணினியில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் பிரச்சினை இல்லை, எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து கொடுத்தால் போதும். ஆனால் பட்டியலில் அனுப்பியவர் பெயர் தமிழில் இருந்தால் அதற்கு அடுத்து வரும் தலைப்பு கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி நிற்கும், ஏனென்றால் எடிட்டர் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்று கணக்குப் போடுகிறது, தமிழ் எழுத்து அதற்குள் அடங்குவதில்லை. கண்ணுக்குப் பழகிவிட்டது, தீரவில்லை. இன்னொன்று, 72 எழுத்துக்கு ஒருமுறை வரியை உடைக்கும் வழக்கம். ஃபோனில் படிப்பவருக்கு ஒரு வரி முழுதாக, அடுத்த வரி பாதியாக, கவிதை மாதிரி போய்ச் சேரும். என் அக்கா ஃபோனில் கூப்பிட்டு "என்னடா இப்படித் துண்டு துண்டா எழுதுறே" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. தானாக வரி உடைப்பதை நிறுத்திவிட்டு, திரையில் மட்டும் மடிந்து தெரியும்படி வைத்ததும் சரியாயிற்று. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

இப்போது, தொடங்கிய வருடத்தில் நான் உண்மையிலேயே பயந்துபோன கதை. மியூ4இயில் டி தட்டினால் மெயில் குப்பைத்தொட்டி ஃபோல்டருக்குப் போகும், கூடவே அந்த 'அழி' குறியும் கோப்புப் பெயரில் ஏறும். எம்பிசிங்க்கில் இரண்டு பக்கமும் துடைத்துவிடு என்று நான் கொடுத்திருந்தேன். இரண்டும் சேர்ந்தால், அழி குறி உள்ளதை எல்லாம் எம்பிசிங்க் சர்வரிலும் கணினியிலும் நிரந்தரமாக நீக்கிவிடும். அதாவது குப்பைத்தொட்டியில் எதுவும் தங்காது. தவறுதலாக அழித்த வாடகை ஒப்பந்த மெயிலைத் தேடிக் குப்பைத்தொட்டிக்குப் போனபோதுதான் அது காலியாக இருப்பதைப் பார்த்தேன். முந்தின ஞாயிறு எடுத்த பேக்கப்பில் இருந்ததால் தப்பித்தேன். தீர்வு, டி தட்டினால் குறி எதுவும் ஏற்றாமல் ஃபோல்டரை மட்டும் மாற்றும்படி அதை மாற்றி எழுதுவது. அதே போல, மெயிலை நகர்த்தும்போது கோப்புப் பெயரையும் புதிதாக்கு என்ற செட்டிங்கைப் போடாவிட்டால், ஒரே எண்ணில் இரண்டு மெயில் இருக்கிறது என்று சொல்லி எம்பிசிங்க் நின்றுவிடும். இந்த இரண்டையும் செய்யாமல் உங்கள் உண்மையான மெயிலை இதில் விடாதீர்கள்.

அலங்காரமான எச்டிஎம்எல் மெயில்கள் ஈமாக்ஸில் நன்றாகத் தெரியாது. டேபிளுக்குள் டேபிள் போட்ட விளம்பர மெயில், வங்கி அறிக்கை எல்லாம் கலைந்துதான் வரும், சிலவற்றைத் திறக்கவே நேரம் எடுக்கும். அதற்கு ஓரிரு விசையில் பிரவுசருக்கு அனுப்பிவிடுகிறேன். பதிலாக, வெளிப்படங்களைத் தானாக இறக்காதபடி வைத்திருப்பதால், நான் மெயிலைத் திறந்தேனா என்று வேவு பார்க்கும் ஒற்றைப் புள்ளிப் படங்கள் வேலை செய்வதில்லை. அது எனக்கு முக்கியம். அனுப்புவதில் ஒரு குறை: ஈமாக்ஸுடன் வரும் வசதியில் 10 எம்பி கோப்பை அனுப்பினால், அது போய்ச் சேரும்வரை எடிட்டரே உறைந்து நிற்கும். எம்எஸ்எம்டிபியுடன் வரும் வரிசை ஸ்கிரிப்டுக்கு மாறியதும் அது போயிற்று. நெட் இல்லாத ரயில் பயணத்தில் எழுதியவையும் வரிசையில் காத்திருந்து, பிறகு போகின்றன.

எல்லாவற்றையும்விடக் கவலையானது பாஸ்வேர்டு விஷயம். வெறும் பாஸ்வேர்டை வைத்து ஐமேப்பில் நுழைவதைப் பெரிய சேவைகள் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. ஜிமெயில் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே மாதத்தோடு நிறுத்தியது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்கினால் இன்றும் வேலை செய்கிறது. நான் அதை ஜிபிஜி என்ற குறியாக்க நிரலால் பூட்டிய கோப்பில் வைத்திருக்கிறேன். ஆனால் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் கணக்கில் அந்த வழியும் அடைக்கப்பட்டுவிட்டது, ஓஆத் (பாஸ்வேர்டு கொடுக்காமல் நிரலுக்கு அனுமதி தரும் முறை) மட்டும்தான், அதற்கும் வெளி நிரல்களுக்கு அனுமதி கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று முறை எழுதிக் கேட்டேன். அந்த ஒரு கணக்கை மட்டும் இன்றும் பிரவுசரில்தான் பார்க்கிறேன். அதில் வரும் வேலைகள் என் குறிப்புகளில் இணைப்பு இல்லாமல் அநாதையாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

பராமரிப்பு நேரம் என்று பார்த்தால், முதல் வாரம் முழுக்க அமைப்பதிலேயே போயிற்று, இப்போது வருடத்துக்கு இரண்டு மூன்று சாயங்காலம். மியூவும் மியூ4இயும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும், ஒன்று மட்டும் புதுப்பிக்கப்பட்டால் திறக்க மறுக்கும். அதனால் இரண்டையும் லினக்ஸ் தொகுப்பில் இருந்தே சேர்த்து நிறுவுவது நல்லது. சில புதுப்பிப்புகளுக்குப் பிறகு அட்டவணையை முதலில் இருந்து கட்டச் சொல்லும், அதற்குச் சில நிமிடங்கள். எம்பிசிங்க் 2021இல் தன் அமைப்புக் கோப்பில் உள்ள சொற்களை மாற்றியது, பழைய வழிகாட்டிகளைப் பார்த்து நகலெடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஏற்கனவே ஈமாக்ஸில் குறிப்பும் வேலையும் வைத்திருப்பவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். மெயிலுக்காகவே ஈமாக்ஸ் கற்றுக்கொள்கிறேன் என்பவருக்குச் சொல்ல மாட்டேன், அது நீண்ட வழி. தொடங்குபவர்கள் முதல் இரண்டு வாரம் எம்பிசிங்க்கை இறக்க மட்டும் அனுமதித்து, இங்கிருந்து சர்வருக்கு எதுவும் போகாதபடி வையுங்கள். படியுங்கள், தேடிப் பாருங்கள், கை பழகட்டும். அழிப்பதையும் நகர்த்துவதையும் மூன்றாவது வாரம் திறந்துவிடலாம், அதற்கு முன் மெயில்டிர் முழுவதையும் ஒருமுறை வெளி டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.